புழுக்குலகாலன் எடை மிஷின் ஏறிய படலம்

வாழி, வாழி! கொட்டில் காக்கும் கோமானே, தழைக்கட்டு சுமந்து தழும்பேறிய தடந்தோளனே, நாற்பத்தெட்டுக் குளம்புக் கால்களுக்கு ஒரு தனி நாயகனே, வாழி! ஆட்டு வயிறுகளின் ஆழிருள் மடிப்புகளில் பாசறை அமைத்து, ஊசிவாயால் உதிரம் உறிஞ்சிக் கொழுக்கும் கொடும்புழுப் பெருஞ்சேனையை வேரோடும் வேரடி மண்ணோடும் அழிப்பேன் என்று, பல்கூடத் துலக்காமல் சூளுரைத்த புழுக்குலகாலனே, உன் புகழ் பாடப் புகுந்தோம்; கேட்போர் கொட்டாவியை அடக்கிக்கொள்வார்களாக.

இப்பேர்ப்பட்ட வீரர் யார் என்றால், வீட்டுக்குப் பின்னால் தகரக் கொட்டில் போட்டு ஆடு வளர்க்கும் ஒரு பண்ணைக்காரர்தான். ஆட்டை மேலும் கீழும் ஒருமுறை நோக்கினால் அதன் எடையைக் கிராம் பிசகாமல் சொல்லிவிடுவேன் என்பது அவர் ஓயாமல் அடித்துக்கொள்ளும் தம்பட்டம். போன மாதம் அந்தத் திருநோக்கை நம்பியே எல்லா ஆட்டுக்கும் புழு மருந்து ஊற்றினார். மருந்து குறைந்துபோயிற்று. பகைவரில் பாதிப்பேர் மாண்டனர். மீதிப்பேரோ அந்த மருந்தை ஒரு வாய் கஷாயம்போல் குடித்து ஏப்பம் விட்டு, மறுபடி வேலையைப் பார்த்தனர். நல்ல கிடா ஒன்று செத்தது. அவர் மனைவி அன்று முழுக்க அவரோடு பேசவில்லை.

இப்போது படுத்திருப்பவளோ சிணுங்கி. பெற்ற தாய் உதைத்துத் தள்ளியதால், பண்ணைக்காரரின் மனைவி மடியில் கிடத்திப் புட்டிப்பால் கொடுத்து வளர்த்த பெட்டை ஆடு. அவள் கண்ணின் கீழிமையை இழுத்துப் பார்த்தால் சிவப்பே இல்லை, வெள்ளைக் காகிதமாக வெளுத்திருந்தது. தாடைக்கடியில் நீர் கோத்துத் தொங்கியது. உடம்பில் எலும்பும் தோலும்தான் மிச்சம்.

கால்நடை மருத்துவர் தொலைபேசி வழியே ஆணையிட்டார். "கண்ணால மதிப்புப் போட்டு ஊத்தற வேலையெல்லாம் வேண்டாங்க. எடை போட்டு, அந்தக் கணக்குக்கு ஊத்துங்க. குறைஞ்சா புழு சாகாது. கூடிப்போச்சுன்னா, இப்ப இருக்கற நிலைமையில ஆடு தாங்காது."

குளியலறை எடை மிஷின் கொட்டிலுக்கு எழுந்தருளியது. ஒரு சாண் பலகையில் நான்கு கால்களையும் வைத்து நிற்கச் சிணுங்கி ஒப்பவில்லை. ஆட்டைத் தூக்கிக்கொண்டு ஆள் ஏறுவது, பிறகு ஆள் மட்டும் ஏறுவது, கழித்தால் மிச்சம் ஆட்டின் எடை என்று மனைவி வகுத்தாள் வியூகம். முள்ளைப் படிக்க அவளுடைய தம்பி வந்து குந்தினான். லாரி ஓட்டுபவன், தொந்திக்காரன். அந்தத் தொந்தியைத் தட்டித் தாளம் போடாமல் நம் வீரர் அவனை ஒருநாளும் வரவேற்றதில்லை.

ஆகா, அப்போது மூண்டது பாரீர் அமர்! நிற்கவே வலுவற்றிருந்த சிணுங்கி, மருந்துப் புட்டியைக் கண்டதும் எங்கிருந்தோ வலுவந்து, தண்ணீர்த் தொட்டியை வலம் வந்து, வைக்கோற்போரில் ஏறிச் சரிந்து, துணிக்கொடிக்குக் கீழே நுழைந்து பாய, துரத்திப் பாய்ந்த புழுக்குலகாலர் ஈரப் போர்வைக்குள் முகம் புதைத்து, கண் தெரியாமல் இரு கரங்களையும் வீசி, முதலில் மச்சினனையும் அப்புறம் ஆட்டையும் கட்டிப் பிடித்தார். அணைத்த ஆட்டோடு எடை மிஷின் ஏறினார்.

"நூத்திப் பன்னெண்டு!" என்றான் தம்பி. "மாமா, இப்ப ஆட்ட எறக்கிட்டு நீங்க மட்டும் ஏறுங்க."

வீரர் ஏறவில்லை. ஏன் ஏறவில்லை? சென்ற ஞாயிறன்று குளியலறைக் கதவைத் தாழிட்டு, மூச்சை உள்ளிழுத்து அதே மிஷினில் ஏறி, முள் போன இடத்தைக் கண்டு, மிஷின் பழுதென்று தீர்ப்பெழுதி இறங்கியவர் அவர். ஆகவே நெஞ்சை நிமிர்த்திப் பறைசாற்றினார். "ஏற வேண்டிய அவசியமே இல்ல மாப்ளே! எழுபத்திரண்டு! கல்யாணத்தன்னிக்கு என்ன எடையோ, இன்னிக்கும் அதே எடை!"

மனைவி விரல்விட்டுக் கழித்தாள். "அப்ப ஆடு நாப்பதா? ஏங்க, நம்ம பெரிய கிடாவே அவ்வளவு வராதே. இது நோஞ்சான்."

"தாடையில நீர் கோத்திருக்கு பாரு. எல்லாம் தண்ணி எடை" என்றார் வீரர், கூசாமல்.

அவள் அவர் முகத்தை ஏற இறங்கப் பார்த்தாள். "சரி, ஆடு விஷயத்துல நீங்க பொய் சொல்ல மாட்டீங்க" என்று சொல்லி, ஊசியில்லாப் பீச்சுகுழலில் நாற்பது கிலோவுக்கான மருந்தை இழுத்து அவர் கையில் தந்தாள்.

குழலின் முனை கடைவாயில் நுழைந்தது. ஓடிக் களைத்த சிணுங்கி வீங்கிய தாடையை அவர் உள்ளங்கையில் வைத்து, வெளுத்த கண்ணால் அவரைப் பார்த்தாள். கூடினால் தாங்காது என்ற மருத்துவர் வாக்கு செவியில் முழங்கியது. ஒருபுறம் மானம், மறுபுறம் ஓர் உயிர். நடுவே எவரும் பாடாத, எவரும் காணாத பெரும்போர்! கட்டைவிரல் அமுக்கப் போயிற்று, பின்வாங்கியது, மீசை துடித்தது. நாமும் சும்மா சொல்லக் கூடாது, அந்த ஒரு நொடியில் மனிதர் உண்மையாகவே பயந்துபோனார்.

குழலை வெளியே உருவினார். ஆட்டை மனைவியிடம் தந்தார். செருப்பைக் கழற்றிவிட்டு, பட்டத்து யானைமேல் ஏறும் அரசரைப்போல் எடை மிஷினில் ஏறி நின்று, திசையெட்டும் அதிர முழங்கினார்: "பாத்துக்குங்க! எல்லாரும் நல்லாப் பாத்துக்குங்க! எண்பத்தாறு! போதுமா?"

தம்பி எழுந்தான். தன் தொந்தியைத் தானே அன்போடு தடவிக்கொண்டான். "மாமா, நான் எண்பத்தி மூணுதான்."

மனைவி சிரிக்கவில்லை. குழலை அவர் கையிலிருந்து பிடுங்கினாள். "அப்ப ஆடு இருபத்தாறு. இன்னும் ஒரு நொடி போயிருந்தா என் பிள்ளையக் கொன்னிருப்பீங்களே! உங்க வீறாப்புக்கு ஒரு உயிர்தான் கெடைச்சுதா?" அதிக மருந்தைப் புட்டிக்குள் திரும்பப் பீச்சிவிட்டு, அளவை இரண்டுமுறை சரிபார்த்துக் கொடுத்தாள். வீரர் இரு கையாலும் வாங்கிக்கொண்டார்.

புரையேறாதபடி தலையை அதிகம் தூக்காமல், கடைவாய் வழியே, நாக்கின் அடிமேட்டில், மெல்ல மெல்ல ஊற்றினார். மடக்கென்று விழுங்கினாள் சிணுங்கி. அங்கே உள்ளே, கூடாரங்கள் சரிய, கொடிகள் சாய, கொழுத்த தளபதியர் பிடிதளர்ந்து உருண்டு, கொடும்புழுச் சேனை புழுக்கையோடு புழுக்கையாகப் புறமுதுகிட்டது. நாளடைவில் தாடை வற்றியது. கீழிமையில் சிவப்பு ஊறியது. ஒரு காலைப்பொழுதில் அவள் லாரிமேல் தாவியேறி, தார்ப்பாயின் ஒரு முனையைத் தின்று தீர்த்தாள். மனைவி கைகொட்டிச் சிரித்தாள், தம்பி தலையிலடித்துக்கொண்டான், கொட்டிலே குலவையிட்டது. புழுக்குலகாலர் மீசையை முறுக்கி, வெற்றித் திருவுலா வந்து, வாசற்படியில் அரியணை அமர்ந்தார்.

இப்போதெல்லாம் அவருக்கு டீயில் சர்க்கரை கிடையாது.