தவளைக்குத் தொட்டி பார்த்த ரசமட்டம் அண்ணன்

உலகம் ஒரு பக்கமாகச் சாய்ந்து கிடக்கிறது என்று மனதார நம்பிய ஒரே மனிதர் எங்கள் ரசமட்டம் அண்ணன்தான். அல்லிநகரத்தில் நான் மாடியில் குடியிருந்தேன். அவர் கீழ்வீடு, வீட்டுக்காரரும் அவரே. தரைக்கு டைல்ஸ் பதிக்கும் காண்ட்ராக்டர். தரை மட்டம் பார்க்கும், நடுவில் குமிழி ஓடும் அந்த ரசமட்டக் குச்சி இல்லாமல் டீக்கடைக்குக்கூடப் போக மாட்டார். நான் குடிவந்த அன்று, பால் காய்ச்சுவதற்கு முன்னால் என் அடுப்பின் மேல் அதை வைத்துப் பார்த்துவிட்டு, "தம்பி, பால் கெழக்க பொங்காது. தெக்கதான் வழியும்" என்றார். தெற்கேதான் வழிந்தது.

ஒரு கல்யாணத்தில் தாலி கட்டும் நேரம் பார்த்து மேடையேறி, மணவறைக்கு அடியில் அட்டையைச் சொருகினார். பெண்ணின் தகப்பனார் அடிக்கவே வந்துவிட்டார்.

"பொண்ணு பள்ளத்துல உக்காந்திருக்குங்க!" என்று இவர் பதற, முன்வரிசையில் இருந்த அவர் மனைவி ஜெயா மதினி மண்டபத்துக்கே கேட்கும்படி சொன்னார்: "இந்த மனுசனக் கட்டுன நாள்ல இருந்து நானுந்தான் பள்ளத்துல கெடக்கேன். எனக்கு அட்ட வைக்க ஆளக் காணோம்!"

அப்படிப் பேசிய மதினிக்குத்தான், ஒரு நாள் தோசை ஊற்றிக்கொண்டிருந்தபோது பக்கவாதம் வந்தது. வலது பக்கம் விழுந்துவிட்டது, பேச்சும் போயிற்று. ஆஸ்பத்திரியிலிருந்து வந்தவர் சுவர்ப்பக்கம் முகத்தை வைத்துப் படுத்தார். யார் கூப்பிட்டும் திரும்பவில்லை. பயிற்சி கொடுக்க வந்த பெண், "அக்காவா மனசு வச்சாத்தான் கை கால் வரும்ணே" என்று சொல்லிப் பார்த்து ஓய்ந்துபோனாள். அண்ணன் வேலைக்குப் போவதை நிறுத்திவிட்டார். ரசமட்டம் பையைவிட்டு வெளியே வரவில்லை.

கோட்டயத்தில் நர்ஸாக இருக்கும் மகள் லீவுக்கு வந்தபோது இரண்டு தவளைகளைக் கொண்டுவந்தாள். கரைக்கே வராமல் தண்ணீருக்குள்ளேயே வாழும் குட்டிச் சாதி. பெருவிரல் நீளம்கூட இல்லை. ஒரு கண்ணாடிக் கிண்ணத்தில் விட்டுக் கட்டிலருகே ஸ்டூலில் வைத்தாள். கை கால்களை விரித்து அசையாமல் தொங்கிக்கொண்டிருந்த ஒன்று, சட்டென்று மேலே பாய்ந்து ஒரு வாய் காற்றைக் குடித்துவிட்டு இறங்கியது.

மதினி தலையைத் திருப்பினார். பார்த்துக்கொண்டே இருந்தார்.

மகள் ஊருக்குப் போன கையோடு அண்ணன் மாடிக்கு ஓடி வந்தார். "தம்பி, ஒண்ணு தாவிருச்சுடா. எங்கன தேடியும் காணோம். ஒம் மதினி ஸ்டூலையே பாத்துக்கிட்டு இருக்கா."

வாஷிங் மெஷினுக்கு அடியில், தூசி சுற்றி, பஞ்சு உருண்டை மாதிரி கிடந்தது. அலசித் தண்ணீரில் விட்டோம். வெகுநேரம் கழித்து ஒரு காலை உதைத்தது. அண்ணன் அப்படியே சுவரில் சாய்ந்து உட்கார்ந்தார். "நல்ல தொட்டியா ஒண்ணு வாங்கிரணும்டா. இதுக செத்துச்சுன்னா அவ மறுபடியும் செவத்தப் பாத்துருவா."

தேனியில் கலர் மீன் கடைக்கு என் வண்டியில் அழைத்துப் போனேன். கடைக்காரர் குமுளிப் பக்கத்து மலையாளி. நீல விளக்கு எரியும் உயரமான தொட்டியைக் காட்டி, "இதுதான் எல்லாரும் வாங்கிட்டுப் போறாக" என்றார்.

அண்ணன் செருப்பைக் கழற்றினார். துண்டை விரித்தார். கடைத் தரையில் ஒருக்களித்துப் படுத்துவிட்டார்.

மீன் வாங்க வந்த அம்மாள் அலறினார். "ஐயோ, சேட்டனுக்கு என்னாச்சு!" என்று கடைக்காரர் பாய்ந்து வந்தார். யாரோ சோடாவுக்கு ஓடினார்கள்.

"சோடாவெல்லாம் வேணாங்க. இங்கன இருந்து பாத்தா அடியில கெடக்குற கல்லுதான் தெரியுது. தவள மேல போயிட்டா எங்க வீட்ல இருக்கவுகளுக்கு எப்பிடித் தெரியும்? படுத்தே இருக்காகல்ல?"

கடைக்காரரும் தரையில் உட்கார்ந்துகொண்டார். "தவளைக்கும் ஒசரம் ஆகாது சேட்டா. மூச்சு வாங்க மேல வந்து வந்து போகணும், களைச்சிரும். தாழ்வா, நீளமா இருக்கட்டும். மூடி கட்டாயம் வேணும். பொடிக்கல்லு போட்டா தீனியோட முழுங்கிரும். மோட்டாரும் மெதுவா ஓடுறதா இருக்கணும்."

"அப்ப ரெண்டு பேருக்கும் ஒரே தொட்டிதான்" என்றார் அண்ணன், படுத்தபடியே.

அந்த அளவில் கடையில் இல்லை. கடைக்காரரே கண்ணாடி வெட்டி ஒட்டித் தந்தார். கட்டிலருகே பெஞ்சு போட்டு, ரசமட்டத்தை வெளியே எடுத்து, குமிழி நட்டநடுவில் நிற்கும்வரை அட்டை வைத்தார் அண்ணன். தண்ணீர் நிரப்பி, குளோரின் வாடை போக ஒரு நாள் வைத்திருந்துவிட்டுத் தவளைகளை விட்டோம்.

மதினி ஒரு முறை பார்த்தார். சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார். மறுநாளும் அப்படியே.

அண்ணனுக்குச் சோறு இறங்கவில்லை. பயிற்சிக்கு வரும் பெண் மதினியைச் சக்கர நாற்காலியில் குளிக்க அழைத்துப் போயிருந்தபோது, மதினியின் தலையணையில் அண்ணன் தலைவைத்துத் தொட்டியைப் பார்த்தார். எழுந்து என்னிடம் வந்தார்.

"எதுத்த சன்னல் வெளிச்சம் கண்ணாடியில விழுகுதுடா. தவளையே தெரியல. நம்ம மூஞ்சிதான் தெரியுது. வாய் கோணுனதுல இருந்து அவ கண்ணாடி பாக்குறதே இல்ல. நான் போயி அவ மொகத்துக்கு நேரா கண்ணாடியக் கொண்டாந்து வச்சிருக்கேன்."

ஜன்னலைச் சாத்தினால் புழுக்கம் தாங்காது. தண்ணீரைப் பாதி மொண்டுவிட்டு, தொட்டியை ஜன்னலுக்குக் கீழேயே மாற்றினோம். வடக்கு ஜன்னல், வெயில் விழாது. ஆனால் அந்த மூலையில் தரை குளியலறைப் பக்கமாக இறங்கும். தண்ணீர் மட்டம் கண்ணாடியில் கோணலாக நின்றது. நான் அட்டை கிழித்துக்கொண்டிருந்தபோதே அந்தப் பெண் மதினியைக் கொண்டுவந்து படுக்கவைத்துவிட்டாள். பெஞ்சுக் காலைத் தூக்கக் குனிந்தேன்.

"தொடாதடா" என்றார் அண்ணன் மெதுவாக. "அவ பாத்துக்கிட்டு இருக்கா."

தீனிக்கென்று வாங்கிய உறைந்த புழுவைக் கரைத்துப் போட்டார். இந்தச் சாதித் தவளைக்குக் கண்பார்வை மட்டு. மூக்கு முன்னால் கிடந்த தீனியை விட்டுவிட்டு, ஒன்று மற்றொன்றின் காலைக் கவ்வி இழுத்தது. கட்டிலிலிருந்து ஒரு சத்தம். இருமல் என்று நினைத்தேன். மதினி, அந்தக் கோணிய வாயால், சிரித்துக்கொண்டிருந்தார்.

"கு... குருடு" என்றார்.

அண்ணன் கையிலிருந்த கிண்ணம் விழுந்தது. கட்டிலருகே மண்டியிட்டு, "என்னா சொன்ன? இன்னொருக்கச் சொல்லு ஆத்தா, இன்னொருக்கச் சொல்லு" என்று கெஞ்சினார். மதினி சொன்னார். சொல்லச் சொல்ல இவர் அழுதுகொண்டே இருந்தார்.

இப்போது மதினி வாக்கர் பிடித்து வாசல்வரை வருகிறார். பேச்சு முக்கால்வாசி திரும்பிவிட்டது. வேலை நிமித்தம் நான் கம்பத்துக்குக் குடிமாறிவிட்டேன். ஞாயிற்றுக்கிழமைகளில் அண்ணன் போன் செய்வார். முதலில் தவளைகளின் சேதி, பிறகு மதினியின் சேதி. அதோடு வைக்கப் பார்ப்பார்.

"நீங்க எப்பிடிண்ணே இருக்கீக?" என்று நான்தான் கேட்க வேண்டும். கேட்காமல் ஒரு நாளும் அவரைப் போனை வைக்க விட்டதில்லை.