கீழ வீதியில் தொங்கிய ரகசியச் சாவி

பாஸ்வேர்டை யாரிடமும் சொல்லாதீர்கள் என்று இன்று ஆபீஸில் நான்தான் வகுப்பெடுக்கிறேன். என் ரகசியமோ ஒரு காலத்தில் சிதம்பரம் கீழ வீதியில் பத்தடி உயரத்துக்குத் தொங்கியது. (கூடவே என் முகமும்.)

2011. கடலூரில் ஒரு சின்ன கம்ப்யூட்டர் கம்பெனியில் எனக்கு வேலை. அக்கா புருஷன் சேகர் மாமா சிதம்பரத்தில் போட்டோ ஸ்டுடியோ வைத்திருந்தார். கல்யாணப் படங்கள் நேராக இணையச் சேமிப்பகத்துக்கு ஏறி, வெளிநாட்டுச் சொந்தங்கள் உடனே பார்க்கிற மாதிரி ஒரு புரோகிராம் எழுதிக் கொடுத்தேன். சேமிப்பகத்துக்கு நீளமான எழுத்துச் சாவி ஒன்று உண்டு. அது கிடைத்தால் யார் வேண்டுமானாலும் படங்களை அழிக்கலாம். தனியே ஒளித்து வைக்க வேண்டியதை, தெனாவெட்டாகப் புரோகிராமுக்குள்ளேயே எழுதிவிட்டேன்.

முதல் வேலை, பரங்கிப்பேட்டையில் ஒரு நிக்காஹ். பெண்ணின் வாப்பாவுக்கு துபாயில் லீவு கிடைக்கவில்லை. மகளை மணக்கோலத்தில் அவர் பார்க்க இந்தப் படங்களை விட்டால் வேறு வழியில்லை. படங்கள் சேமிப்பகத்துக்கு ஏறியதும் மெமரி கார்டையும் மாமா அழித்துவிட்டிருந்தார்.

மறுநாள் கீழ வீதியில் திரும்பினால், மாமாவின் ஸ்டுடியோ வாசலில் 'எங்கள் வீட்டுக் கம்ப்யூட்டர் சிங்கமே!' என்று பிளெக்ஸ் பேனர். தாடையில் கைவைத்து நான், பின்னால் கம்ப்யூட்டர் திரை, திரையில் சாவி. மாமா எடுத்த படமாயிற்றே, ஓர் எழுத்துகூட மங்கவில்லை.

"மாமா, பேனரக் கழட்டுங்க!"

"ஏன் மச்சான், மூஞ்சி நல்லாத்தான வந்திருக்கு?"

"மூஞ்சி இல்ல மாமா, சாவி தெரியுது!"

"எங்க, இடுப்புலயா?"

ஏணியில் ஏறி, திரை மட்டும் மறைகிற மாதிரி படத்தின்மேல் மாலைபோலத் துண்டைத் தொங்கவிட்டேன். கீழே ஒரு பூக்கார அம்மா நின்றார்.

"ஐயோ பாவம், சின்ன வயசு. எப்ப தவறுனாரு?"

உள்ளே ஓடிப் பழைய சாவியை ரத்து செய்தேன். நல்லவேளை, படங்கள் அப்படியே இருந்தன. (ஊரே என் மூக்கை மட்டும்தான் பார்த்திருக்கிறது.) ஆனால் பழைய சாவியை நம்பியிருந்த புரோகிராமும் படுத்துவிட்டது. துபாயிலிருந்து போன் வந்தது.

"தம்பி, மருதாணி வரைக்கும் பாத்தேன். எம்மவ நிக்காஹ் எங்க?"

புதுச் சாவியைத் தனிக் கோப்பில் வைத்து ஓடவிட்டேன். போனை வைக்காமலே அவர் படங்களைப் பார்த்தார். "சிரிக்கிதுப்பா எம்புள்ள," என்றார்.

பேனரை அக்கா மொட்டை மாடிக்குக் கொண்டுபோய், அதில் வருஷக்கணக்காக மிளகாய் காயப்போட்டாள். அது கிழிந்தே போய்விட்டது. இன்றும் மழை தூறி மிளகாயை அள்ள வேண்டியிருந்தால், என்னை மாமா என்று கூப்பிடும் அக்கா பிள்ளைகளின் குரல் எழும்: "ஓடுங்க, மாமா மூஞ்சி நனையுது!"