பெண் பார்க்கப் போன முன்பல்

ஊரார் சிரிக்கப் பல் செய்து கொடுக்கிறவன் நான். என் சிரிப்பைத் தொலைத்தது ஆட்டையாம்பட்டி முறுக்கில் என்றால் நீங்கள் நம்பித்தான் ஆக வேண்டும்.

கொண்டப்பநாயக்கன்பட்டியில் பல் கேப் செய்யும் லேப் வைத்திருக்கிறேன். வேலைக்கு ஆள் கிடையாது. டாக்டர்கள் அனுப்பும் வாய் அச்சுகள்தான் துணை. பகலெல்லாம் நாற்பது வாய்கள் என்னைச் சுற்றித் திறந்தே கிடக்கும், ஒன்றும் பேசாது. (நான் பேசுவேன். அது வேறு விஷயம்.)

என் முப்பத்தெட்டாவது வயதில் ஒரு பெண் வீட்டார், "வந்து பாருங்க" என்றார்கள். பல வருடத் தேடலில் அப்படிச் சொன்ன முதல் வீடு. சொல்லிவைத்தாற்போல் அந்த வாரம்தான் என் முன்பல்லின் பழைய கேப் கழன்று விழுந்தது. டாக்டரிடம் போவானேன், நாமே செய்து நாமே ஒட்டிக்கொள்ளலாம் என்று இறங்கினேன்.

உள்ளே நிக்கல் குரோமியக் கூடு, மேலே பீங்கான். உலோகம் கொஞ்சம் வளைந்து கொடுக்கும், பீங்கான் கொடுக்காது, விரிசல் விடும். ஆறும்போது இரண்டும் சேர்ந்து சுருங்க வேண்டும். அதனால் உலையிலிருந்து எடுத்தபின் நிதானமாக ஆறவிட வேண்டும். இது தொழிலின் அரிச்சுவடி.

"கார் வந்து நிக்குது சாமி, இன்னும் என்ன பண்ற?" என்று நாமக்கல்லிலிருந்து வந்திருந்த என் அக்கா வாசலில் குரல் கொடுத்தாள். நான் ஃபேனைப் போட்டு ஆற வைத்தேன். (வேறு யார் பல்லுக்கும் இந்தத் துரோகம் செய்ததில்லை.)

பெண் வீட்டில் தட்டு நிறைய முறுக்கு. முதல் கடியிலேயே 'டக்'. முறுக்கு முழுசாக இருந்தது. பீங்கான் சில்லைக் காபியோடு விழுங்கிவிட்டு, முன்பல் இருந்த இடத்தில் சாம்பல் நிற உலோகம் தெரியாமலிருக்க உதட்டை இறுக்கிக்கொண்டேன்.

நானும் பெண்ணும் பேசட்டும் என்று, அந்த வீட்டிலேயே ஓடிக்கொண்டிருந்த தறிகளை நிறுத்தினார்கள். கல்லூரியில் வேதியியல் நடத்துகிறவர் அவர். என் தொழிலைப் பற்றி அதுவரை யாரும் ஒரு வார்த்தை கேட்டதில்லை. அவர் கேட்டார்.

"ஏனுங்க, உலோகத்து மேல பீங்கான் எப்படிங்க ஒட்டுது? சூட்டுல ரெண்டும் வேற வேற அளவு விரியுமில்லீங்க?"

வாழ்நாளெல்லாம் காத்திருந்த கேள்வி. நான் சொன்ன பதில், "ம்."

அவர் "பரவால்லீங்க" என்று உள்ளே போய்விட்டார். தறிகள் மறுபடி ஓடத் தொடங்கின. மறுநாள் அவர் அப்பா போன் செய்தார்: "மாப்பிள்ளைக்குப் புடிக்கலையாட்ட இருக்குதுங்க."

அக்கா கொதித்துப்போனாள். "வாயத் தொறந்து ஒரு வார்த்த சொன்னா என்னடா?" திறந்து காட்டினேன். விழுந்து விழுந்து சிரித்தாள், அப்புறம் அழுதாள். பெண் வீட்டுக்குப் போன் போட்டு உண்மையைச் சொல்கிறேன் என்றாள். வெட்கத்தில் நான்தான் விடவில்லை. அந்த முட்டாள்தனத்துக்கு முறுக்கைக் குறை சொல்ல முடியாது.

இப்போது எங்கள் குடும்பத்தில் யார் பேசாமல் உட்கார்ந்திருந்தாலும், "என்ன, பல்லு பேந்துருச்சா?" என்றுதான் கேட்பார்கள். ஞாயிறுதோறும் அக்கா போனில் என்னையும் கேட்கிறாள். நானும் சிரித்து வைக்கிறேன்.

போனை வைத்ததும் லேப் பழையபடி அமைதியாகிவிடும். நாற்பது வாய்களைப் பார்த்து ஆரம்பிப்பேன்: "அது வந்துங்க, மொதல்ல உலோகத்தச் சூடு பண்ணுனா மேல மெல்லிசா ஒரு படலம் வருமுங்க. அதத்தான் பீங்கான் புடிச்சுக்குது..."