எட்டுச் சில்லும் ஒரு சாப்பாட்டு மேசையும்

"இந்த ரொபோ ஜெயிக்கிற வரைக்கும் இந்த மேச எனக்கு. ஒரு ஸ்க்ரூவையும் ஆரும் அசைக்கப்படாது!"

உக்குவளையில் மின்விசிறியும் கிரைண்டரும் திருத்தும் ஜுனைதீன் இப்படி முழங்கியது தன் வீட்டுச் சாப்பாட்டு மேசைக்கு முன்னால். கேட்டது மனைவி ஜெஸ்லா ஒருத்திதான். அவளும் தையல் மெஷினில் யாருடைய சட்டைக்கோ கை தைத்துக்கொண்டு பாதிக் காதால்தான் கேட்டாள். ஆனால் குரல் என்னவோ ஊரையே கூட்டி வைத்துப் பேசுகிற குரல்.

காரணம் இருந்தது. போன வருடம் தம்புள்ளையில் நடந்த ரொபோ போட்டியில், எதிரியைக் கட்டத்துக்கு வெளியே தள்ள வேண்டிய அவருடைய ரொபோ எட்டே நொடியில் தானே வெளியே போய் விழுந்தது. தள்ளியது அடுத்த தெரு ஸஹாப்தீனின் ரொபோ. அன்று தொடக்கம் ஸஹாப்தீன் எங்கே கண்டாலும், "எட்டு நொடி எப்படி?" என்றுதான் சுகம் விசாரிக்கிறார். ஒரு மனிதர் எவ்வளவைத்தான் தாங்குவார்!

ஆகவே இம்முறை ரொபோவுக்கு எட்டுச் சில்லு, எட்டுச் சக்கரம். நான்கு வழுக்குச் சில்லு: சுற்றிவரக் குட்டி உருளைகள் பதித்தவை. நண்டு மாதிரிப் பக்கவாட்டிலும் ஓடும். யாராவது தள்ளினால் அப்படியே சறுக்கிப் போகும். நான்கு ரப்பர்ச் சில்லு: பக்கவாட்டில் அசையாது, தரையைப் பிடித்தால் விடாது. ஓடுவதற்கு அது, தள்ளுவதற்கு இது. பொத்தானை அமுக்கினால் ஒன்று ஏறி மற்றது இறங்க வேண்டும். இறங்கியது. ஆனால் பாரம் வந்ததும் ரப்பர்ச் சில்லு நான்கும் தொழுகைக்குக் குனிகிறவர் போல மடங்கின. நான்கு மாதமாக இதே கதை.

அந்த நான்கு மாதமும் மேசை நிறைய மோட்டர், பெட்டறி, செத்துப்போன கிரைண்டர்கள். மகள் அஸ்ரா உட்படக் குடும்பமே பாய் விரித்துக் கீழே இருந்து சாப்பிட்டது.

"அஸ்ராட வாப்பா, வெள்ளிக்கெழம ஜும்ஆ முடிய நானா சாப்பிட வாராரு," என்று தன் அண்ணன் வரவைச் சொன்னாள் ஜெஸ்லா.

"வரட்டுமே. பாய விரிச்சு சஹன் வைப்போம். ஒரே தட்டுல சுத்தி இருந்து தின்டா எவ்வளவு பரக்கத்து!"

"முழங்கால் ஒபரேஷன் செஞ்ச மனுசன் எப்படி கீழ இருக்கிற? இந்த மேசயே அவர் நம்மட கலியாணத்துக்குத் தந்ததுதானே!"

"போட்டி சனிக்கெழம. ஒரு சாமான் எடம் மாறினாலும் நான் தொலைஞ்சேன். ஏலா எண்டா ஏலா!"

ஜெஸ்லாவுக்குக் கண் கலங்கிவிட்டது. படுக்கையில் கிடந்த அண்ணன் எழும்பி நடந்து முதன்முதலாக வருகிறார். அவரை எங்கே இருத்துவது? ஜுனைதீன் அதைப் பார்க்கவில்லை. அவர் ஒரு ஸ்க்ரூவைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

ஜெஸ்லா தையல் மெஷினுக்குத் திரும்பி, விட்ட இடத்திலிருந்து தைத்தாள். பிறகு மெஷினை நிறுத்தினாள்.

"அந்தச் சில்லு மடங்காம நிக்கணும், அவ்வளவுதானே? இங்க வந்து பாருங்க. துணிய அமுக்கிற இந்தக் கால தூக்கினா தூக்கினபடியே நிக்குது. ஸ்பிரிங் எவ்வளவு அமுக்கினாலும் விழுறதில்ல."

ஜுனைதீன் மெஷினுக்குள் மூக்கை நுழைத்தார். காலைத் தூக்கும் பிடி ஒரு மேட்டைத் தாண்டிப் போய் உட்கார்ந்திருந்தது. ஸ்பிரிங் அமுக்க அமுக்க அது இன்னும் இறுகியது. வியாழன் பின்னேரத்துக்குள் ரொபோவுக்கும் அதே மாதிரி ஒரு பிடி வந்துவிட்டது. ரப்பர்ச் சில்லு இறங்கி, கல்லுக் குத்தினாற்போல் நின்றது.

"எனக்கு ஒரு யோசன வந்திச்சு பாரு!" என்றார் ஜுனைதீன், கொஞ்சமும் கூச்சமில்லாமல்.

"மாஷா அல்லாஹ்! இப்ப எவ்வளவு பாரம் தள்ளும்?"

"மலையவே தள்ளும்!"

"மல வேணாம். இந்தப் பெட்டியத் தள்ளட்டும் பாப்போம்." மேசையிலிருந்த மோட்டர்ப் பெட்டியைத் தரையில் வைத்தாள். "பின்னுக்கு சாமான் அற வரைக்கும் போகுமா?"

போகுமாவது! ரொபோ பெட்டியை நேரே தள்ளிப் போனது. மூலையில் வழுக்குச் சில்லுக்கு மாறி, நண்டுபோல் பக்கவாட்டில் சுற்றி வந்து, மறுபடி ரப்பருக்கு மாறி, ஒடுங்கிய வாசலுக்குள் பெட்டியைச் செருகியது. ஜெஸ்லா கைதட்டினாள். கல்யாணமாகி இருபத்திரண்டு வருடத்தில் அவள் அவருக்குக் கைதட்டியது இதுதான் முதல் தடவை.

"இத விடக் கனமானதக் கொண்டா!" என்று கத்தினார் ஜுனைதீன்.

கிரைண்டர்கள் போயின. பெட்டறிகள் போயின. "கொண்டா, இன்னும் கொண்டா!" ஸ்க்ரூ டப்பாக்கள், கம்பிச் சுருள்கள், கடைசியாகத் திருத்து வேலை ஆயுதப் பெட்டி. பதின்மூன்று தடவை. ரொபோ வெளியே வந்ததும் ஜெஸ்லா அறையைப் பூட்டிச் சாவியை இடுப்பில் செருகினாள்.

ஜுனைதீன் திரும்பிப் பார்த்தார். மேசையில் பூப்போட்ட விரிப்பு. அதன்மேல் ஆறு பீங்கான் தட்டு.

"அடியேய்! ஒண்டையும் அசைக்கப்படாதெண்டு சென்னேனே!"

"கொண்டா கொண்டா எண்டு கேட்டது ஆரு? தள்ளினது ஆர்ட ரொபோ?"

வெள்ளிக்கிழமை மச்சான் காலை நீட்டி, மேசையில் இருந்து வயிறாரச் சாப்பிட்டார். ஜெஸ்லா மூன்று தரம் சோறு போட்டாள்.

சனிக்கிழமை தம்புள்ளையில் ஸஹாப்தீனின் ரொபோ ஆறே நொடியில் வெளியே கிடந்தது. பதின்மூன்று பாரம் தள்ளிப் பழகிய ரொபோவோடு மோதினால்! ஜுனைதீன் ஒரு கையில் ரொபோவும் மறு கையில் வெற்றிக் கப்புமாக வீட்டுக்குள் நுழைந்தார். நேரே மேசைக்குப் போனார். மேசை நிறையச் சோறு, கறி, சம்பல். கப் வைக்க ஓர் அங்குலம் இல்லை.

"மேசயில கொஞ்சம் எடம் விடு ஜெஸ்லா. நாளைக்கு அந்த சாமான் எல்லாத்தையும் திரும்ப..."

"ரொபோ ஜெயிக்கிற வரைக்கும்தானே மேச உங்களுக்கு? ஜெயிச்சிட்டுதே!"

ஜுனைதீன் ரொபோவைத் தரையில் இறக்கினார். பிறகு, "அப்ப இந்தக் கப்ப எங்க வைக்கிற?" என்று மெல்லக் கேட்டார்.

ஜெஸ்லா அவருக்குச் சோறு போட்டபடியே சொன்னாள்:

"கீழ வைங்க. சாமான் அறைக்கு வழி ரொபோவுக்குத் தெரியும்."