ஊமைப்படத்தாரை யாரும் நம்பவில்லை

எங்கள் தோட்டத்து ஜனங்கள் ஒரே ஒரு விஷயத்தில்தான் ஒற்றுமையாக இருந்தார்கள்: ஊமைப்படத்தாரை யாரும் நம்புவதில்லை. கோயில் திருவிழாவில் இரண்டு கட்சி, யூனியனில் மூன்று கட்சி. அவரைச் சந்தேகப்படுவதில் மட்டும் ஒரே கட்சி. ஐம்பது வருஷத்துக்கு முன், பிரிஞ்சாங் மலையூருக்கு மேலே அந்தத் தேயிலைத் தொழிற்சாலையில் ஸ்டோர் கிராணியாக, அதாவது சாமான் கணக்கெழுதும் குமாஸ்தாவாகச் சேர்ந்த நான்தான் அந்தக் கட்சிக்குத் தலைவன்.

அறுபதைத் தாண்டிய ஃபிட்டர் அவர். தோட்டத்து மண்டபத்தில் படம் காட்டும் மெஷினும் அவர் பொறுப்பு. பேச்சில்லாத படங்கள் ஓடிய காலத்தில் மதராசில் கதாநாயகனாக நடித்தாராம். அத்தாட்சிக்கு ஒரு போட்டோகூடக் கிடையாது.

"அப்புறம் ஏன் ஐயா நடிப்பை விட்டீங்க?" என்று மடக்கினேன்.

"பேசும் படம் வந்துருச்சு கிராணி." ஆறடி உடம்பிலிருந்து பூனைக்குட்டிக் குரல் வந்தது. "மைக்கு முன்னாடி வாயைத் தொறந்தேன். லைட்டுக்காரன் சிரிச்சு ஏணியிலேருந்து விழுந்துட்டான். மறுநாளே சவுண்டு மெஷின் பக்கம் போயிட்டேன். மத்தவன் குரலைப் பிடிக்கிற வேலை."

அங்கிருந்து டூரிங் சினிமாவோடு கப்பலேறி, இந்த மலைக்கு வந்து நின்றுவிட்டாராம்.

ஸ்டோருக்கு வந்தால் வாயே திறக்கமாட்டார். போல்ட் வேண்டுமென்றால் புருவத்தால் கேட்பார். இல்லையென்று நான் சொன்னால் நெஞ்சில் கைவைத்து, கதவில் சாய்ந்து, அப்படியே தரைக்குச் சரிவார்.

"ஓவரா பண்றாரு லா. போலீஸ் தேடுற ஆளா இருக்கும்" என்பார் கங்காணி. நானும் தலையாட்டுவேன்.

ஒரு தீபாவளி மத்தியானம். மண்டபத்து ஜன்னல்களில் சாக்குத் தொங்கவிட்டுப் படம் ஓடியது. முன்வரிசையில் மானேஜர் துரை. 'இன்னொரு தடவை மெஷின் கெட்டால் கிழவரை வேலையைவிட்டு அனுப்பிவிடுவேன்' என்று முந்தின வாரம்தான் என்னிடம் சொல்லியிருந்தார். தாயும் மகனும் பிரிகிற கட்டத்தில், பட்டென்று சத்தம் நின்றது.

"சவுண்டு! சவுண்டு!" என்று மண்டபமே கத்தியது. துரை திரும்பிப் பார்த்தார்.

ஊமைப்படத்தார் நேராகத் திரையின் பக்கத்தில் போய் நின்றார். தாயானார், ஆறடி ஆள் எப்படி அவ்வளவு சிறுத்தார் என்று இன்றுவரை எனக்கு விளங்கவில்லை. மகனானார். மகனை இழுத்துப்போகும் போலீஸானார். கூச்சல் அடங்கியது. கொழுந்து பறிக்கும் பெண்கள் தேம்பினார்கள். தமிழ் தெரியாத துரைக்கு அன்றுதான் முதல்முறையாகப் படம் புரிந்தது. அவரும் கைக்குட்டையை எடுத்தார்.

எனக்கு மட்டும் சந்தேகம். மண்டபத்தின் பின்பக்கம், மெஷின் இருந்த இடத்துக்குப் போய் ஆம்பிளிஃபையர் பெட்டியைப் பார்த்தேன். எதுவும் கருகவில்லை, அறுந்துபோகவில்லை. ஸ்பீக்கர் ஒயரை யாரோ பதவிசாகப் பிடுங்கி ஆணியில் மாட்டியிருந்தார்கள். அந்தப் பக்கம் அவரைத் தவிர யாரும் வந்ததில்லை.

ஆள் கையும் களவுமாக மாட்டிக்கொண்டார்! நிமிர்ந்தேன். திரையருகே தாயாக அழுதுகொண்டே அவர் என்னைப் பார்த்தார்.

கண்ணைத் துடைத்தபடி கங்காணி வந்தார். "என்னா கிராணி, சரி பண்ண முடியுமா?"

"முடியாது கங்காணி. உள்ள ஏதோ கருகிப்போச்சு. நீங்க போயி படத்தைப் பாருங்க."

படம் முடியும்வரை, வேறு யாரும் வந்து அதைச் சரிசெய்துவிடாமல், அந்தப் பெட்டிக்கு முன்னால் காவல் நின்றேன்.