ஒன்பது நாள் கெடாத பாட்டில்

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

இங்கே உங்கள் வீட்டில் நானும் உங்கள் அத்தையும், திறந்த பாட்டிலைக் கெடாமல் வைத்து ஊற்றும் உங்கள் வைன் மெஷினும் சுகம். அங்கே நீங்களும் என் மகளும் அப்படியே இருப்பீர்கள் என்று நம்புகிறேன்.

நீங்கள் ஒரு வாய் ருசி பார்த்துவிட்டு மெஷினில் மாட்டிவைத்துவிட்டுப் போன பாட்டிலைக் கண்ணுக்குள் வைத்துக் காக்கிறேன். நீங்கள் திரும்பியதும் விருந்துக்கு வரும் மேலதிகாரிக்கு அதிலிருந்துதான் ஊற்ற வேண்டும், அந்தக் குளிர்ச்சியில் அவர் உங்கள் மாற்றல் உத்தரவைக் கிழித்துப்போட வேண்டும் என்பது நினைவிருக்கிறது.

முதல் நாளே 'உஸ்' என்று ஒரு சத்தம். சிலிண்டரில் இருக்கும் ஆர்கான் வாயு, கடைசி பெஞ்சில் தூங்கும் பையனைப் போன்றது. எதனோடும் சேராது, தீப்பிடிக்காது. பாட்டிலுக்குள் இடத்தை அடைத்துக்கொண்டு வைனைப் புளிக்கவிடாது. ஆனால் மூடிய அறையில் நிறையக் கசிந்தால் நாம் மூச்சுவிடும் காற்றையும் தள்ளிவிடும், வாசனையும் கிடையாது. எனவே ஜன்னல்களைத் திறந்து, வால்வை மூடி, உங்கள் அத்தையைத் தெருவில் நிறுத்தி, மெக்கானிக்குக்குப் போன் செய்துவிட்டு, கசிந்தால் குமிழி வருமே என்று இணைப்பெல்லாம் சோப்பு நீர் தடவினேன். ஒன்றும் வரவில்லை. தெருவிலிருந்து, "நான் உள்ள வரலாமா, இல்ல பக்கத்து வீட்லயே குடியேறட்டுமா?" என்று குரல்.

மெக்கானிக் வந்து தலையில் அடித்துக்கொண்டார். "சார், வால்வை மூடிட்டு சோப்பு போட்டா குமிழி எப்படி வரும்? மெஷினைக் குளிப்பாட்டி வச்சிருக்கீங்க!" வால்வைத் திறந்ததும் ஒரே ஒரு குமிழி வந்தது. மறுபடி மூடிவிட்டு வாஷரை மாற்றினார். "சிலிண்டர் நிமிர்ந்தே நிக்கட்டும். வாரம் ஒருதடவை ஊத்துற மூக்கைக் கழட்டி வெந்நீர்ல கழுவுங்க. அப்புறம் முதல்ல வர்றதைக் கொட்டிடுங்க, தண்ணி கலந்திருக்கும்" என்றார்.

"வாரம் ஒருதடவையா? பாத்திரத்தையே தினம் ரெண்டு தரம் கழுவுற வீடு இது!" என்றாள் உங்கள் அத்தை. ஆகவே தினமும் கழுவுகிறேன். முதலில் வரும் அரை டம்ளரைக் கொட்டாமல், நிறம் மாறுகிறதா என்று பார்க்க 'சோதனை, தொட வேண்டாம்' என்று சீட்டு ஒட்டி மேஜையில் வைக்கிறேன். திரும்பி வந்து பார்த்தால் டம்ளர் காலி! ஒன்பது நாளும் இதே கதை. ஆவியாதல் பற்றி உங்கள் அத்தைக்கு விளக்கினேன். "ஆமாங்க, காத்து ரொம்ப வறட்சி" என்று ஒப்புக்கொண்டாள். இவ்வளவு ஆர்வமான மாணவி எனக்கு வாய்த்ததே இல்லை. வெளிச்சம் படக்கூடாது என்றீர்களே, அதனால் பாட்டிலின் கறுப்பு உறையை நான் நீக்கவே இல்லை. உள்ளே எல்லாம் பத்திரம்.

நினைத்த காரியம் கைகூடி, இருந்த வீட்டிலேயே நீங்கள் இருவரும் நெடுநாள் சிரித்திருக்க வாழ்த்தும்,
மாமா.

பின்குறிப்பு: மாப்பிள்ளை, கவரை ஒட்டுறேன்னு வாங்கி அத்தை எழுதுறேன். பாட்டில் காலி. உள்ள இப்ப கேஸ் மட்டும்தான், அது கெடாம இருக்கு. உங்க மாமா அறிவியல் வாத்தியார்தானே, அரை டம்ளரை ஒன்பதால பெருக்கிப் பாக்கல. முதல் வாய் மட்டும் கொஞ்சம் தண்ணி. மத்தபடி ஒன்பதாம் நாளும் முதல் நாள் ருசிதான், நல்ல மெஷின். நேத்து உங்க மேலதிகாரி இங்க போன் பண்ணினார். டாக்டர் சொல்லி வைனை விட்டுட்டாராம், விருந்துல மோர் போதுமாம். மாற்றலை அவரே நிறுத்திட்டாராம். அதனால கடைசி அரை டம்ளரை மட்டும் நிம்மதியா குடிச்சேன். வரும்போது அதே பாட்டில் ஒண்ணு வாங்கிட்டு வாங்க, மாமாவோட சோதனை பாதியில நிக்குது.