மூலையைத் தேடிய சாம்பிள் சார்

உத்திரமேரூரில் இட்லிக்கடையும் நெல் மண்டியும் ஒருசேரக் கண்டு நடுங்கிய மனிதர் ஒருவர் உண்டென்றால், அது எங்கள் மாடி ரூமில் குடியிருந்த சாம்பிள் சார்தான். கீழே நான் ஜெராக்ஸ் கடை வைத்திருந்தேன். மேலே அவர் லேப்டாப்பில் உலகத்தின் கதியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அவர் வேலையை எனக்கு விளக்கவே மூன்று டீ ஆயிற்று. பூமியின் காலநிலையைக் கணக்குப் போடும் ராட்சச புரோகிராம் ஒன்று. மேகம், மண் ஈரம், கடல் சூடு என்று அதில் திருகிவைக்க ஏகப்பட்ட குமிழ்கள். ஒரு தடவை ஓட்டி முடிக்கவே வாரக்கணக்கு. ஆகவே சில தடவை மட்டும் ஓட்டி, அந்த விடைகளைக் காட்டி ஒரு குட்டி புரோகிராமைப் பழக்குவார்கள். மிச்சத்தை அதுவே நொடியில் ஊகித்துச் சொல்லும். குமிழ்களை எப்படியெல்லாம் வைத்து அந்தச் சில தடவைகளை ஓட்டுவது? அந்தச் சாம்பிள்களைத் தேர்ந்தெடுப்பதுதான் சார் வேலை; பெயரும் அப்படி வந்ததுதான்.

நடுவை நம்பாமல் ஓரத்தையும் மூலையையும் சோதித்துப் பார்ப்பது அவர் வழக்கம். அந்த வியாதி போகிற இடமெல்லாம் கூடவே வந்தது. இட்லிக்கடையில் ஒவ்வொரு தட்டிலும் ஓரத்து இட்லியாகக் கேட்பார். கடைக்கார அம்மா ஒருநாள் பொறுக்காமல், "பொண்ணு பாக்கப் போனாலும் இப்டித்தான் ஓரமா பாப்பியா நீ?" என்றார்.

"அதனாலதாம்மா இன்னும் அமையல" என்றார் சார், சிரிக்காமல்.

மண்டியில் வியாபாரி மூட்டையின் நடுவில் குத்தி நெல்லை எடுத்துப் பார்த்துக்கொண்டிருந்தார். சார் குறுக்கே புகுந்தார். "நடுவுலயே குத்திகினு கீறியே, மூலையில இன்னா கீதுன்னு உனக்கு எப்டித் தெரியும்?"

"இன்னா சார், காலங்காத்தால பேஜார் பண்றே?"

சார் விடவில்லை. அடிமூலையில் குத்தவைத்தார். ஈர நெல் கொட்டியது. விலை இறங்கியது. மூட்டைக்குச் சொந்தக்காரர் மானாம்பதியிலிருந்து வந்த சாரின் தாய்மாமா. அன்றோடு அவர் பேச்சை நிறுத்தினார்.

அடுத்து மேலதிகாரியும் நிறுத்தினார். மாடியில் நெட் போனதால் சார் என் கடைக்கு வந்து பேசியதில் எல்லாம் என் காதில் விழுந்தது. கடைசியாகப் பன்னிரண்டு தடவைதான் ஓட்டலாம். மேலதிகாரி, "குமிழ் எல்லாத்தையும் நடுவுல வைங்க. ஓரமெல்லாம் நெஜத்துல நடக்கவே நடக்காது" என்றார்.

"ஓட்டிப் பாக்காமலே எப்டி சார் சொல்றீங்க?"

போன் கட்டானது. சார் பன்னிரண்டு ஓட்டத்துக்கும் குமிழ்களைக் கடைசிவரை திருகி, மூலைமூலையாக வைத்து அனுப்பிவிட்டார்.

ஒன்பது பாதியிலேயே செத்துப்போயின. அந்த ஓரத்தில் கணக்கே தாங்காதாம். மூன்று மட்டும் முடிந்தன. அந்த மூன்றிலும் ராட்சச புரோகிராமில் பேய்மழை கொட்டியது. அதே இடத்தில் குட்டியோ சாதாரண மழை என்று சாந்தமாகச் சொல்லிக்கொண்டிருந்தது.

"அப்போ நீங்க சொன்னது சரிதானே சார்?" என்றேன்.

"சரிதான். மூணை வெச்சிகினு யாருகிட்ட நிரூபிக்கறது? இனிமே மெஷின் கெடைக்காது." என் மேசையில் தலையைக் கவிழ்த்துக்கொண்டார். ஜெராக்ஸுக்கு வந்தவர்கள் அவர் தலைக்கு மேலாக ஆதார் அட்டையை நீட்டினார்கள்.

ஒன்பது ஓட்டம் பாழானதற்கு வேலை போனது. அந்தக் காலநிலைக் கணக்கின் அறிக்கை அவர் இல்லாமலே வெளிவந்தது. நானேதான் பிரிண்ட் எடுத்துக் கொடுத்தேன். ஓரத்தைப் பற்றி அதில் ஒரு வரி இல்லை. சார் முதல் பக்கத்திலிருந்து கடைசிவரை இரண்டு முறை தேடினார். பிறகு பெட்டியைக் கட்டிக்கொண்டு செங்கல்பட்டு பஸ் ஏறினார்.

இப்போது ஏதோ கம்பெனியில் சோப்பு விற்பனையைக் கணக்கெடுக்கிறாராம். பெருமழை பிடிக்கும் நாட்களில் போன் செய்கிறேன். இருவருமே மழையைப் பற்றிப் பேசுவதில்லை.

"நல்லா கீறீங்களா சார்?"

"நல்லா கீறேன்" என்கிறார்.

அது பொய் என்று குரலிலேயே தெரிகிறது. அதனால் பேச ஒன்றும் இல்லாவிட்டாலும், அவராக வைக்கும்வரை நான் போனை வைப்பதில்லை.